பத்து வருடம் பாட்டே கேட்காதவர் எங்கிருந்து தொடங்குவது?

கடைசியாக நீங்கள் விரும்பித் தேடிக் கேட்ட புதுப் பாட்டு எது? எனக்கு 2011 கடைசியில் வந்த கொலவெறி. அதற்குப் பிறகு வேலை, குழந்தை, நைட் ஷிஃப்ட். வண்டியில் ஏறினால் இளையராஜா, மிஞ்சிப்போனால் ரஹ்மான். போன வருடம் ஒரு கல்யாணத்தில் டிஜே போட்டதில் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த எட்டு வயசுப் பையன் எல்லாவற்றையும் வரி பிசகாமல் பாடினான். சரி, இனிமேலாவது கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், வருட வாரியாக ஹிட் பட்டியலைப் போட்டுக்கொண்டு கேட்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், 2013ஐத் தாண்டவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் சுகம். உதாரணத்துக்கு அட்டகத்தி. 2012இல் வந்த படம், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்கு அதுதான் முதல் படம். அவரைப் பிடித்துப் போனால் தீ என்ற பாடகி வருவார், தீயும் ராப் பாடகர் அறிவும் சேர்ந்து 2021இல் பாடிய எஞ்சாய் எஞ்சாமி வரும், அறிவைத் தேடினால் கானா, ராப், ராக் எல்லாம் கலந்து 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு வரும், அந்தக் குழுவைத் தொடங்கியவர் யார் என்று பார்த்தால் அட்டகத்தி இயக்குநர் பா. ரஞ்சித்! சுற்றி அதே இடத்துக்கே வந்து நிற்கிறோம், நடுவில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

எனக்குத் தாமதமாக உறைத்தது ஒன்று உண்டு. பழைய பாட்டெல்லாம் முதல் தடவையே பிடித்ததாக நினைக்கிறோமே, பொய். எங்கள் ஊர் டவுன் பஸ் டிரைவர் ஒரே கேசட்டை ஏ பக்கம், பி பக்கம், மறுபடி ஏ பக்கம் என்று மாசக்கணக்கில் ஓட்டுவார். டேப் இழுத்துப்போய்க் குரல் அழுகிற மாதிரி வந்தாலும் மாற்ற மாட்டார். டீக்கடையிலும் அதே பாட்டு, கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலும் அதே. பிடிக்காததுகூட இருபதாவது தடவை தானாக வாயில் வந்துவிடும். இப்போது இருபது விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறோம். ஆகவே அந்த டிரைவர் வேலையை நாமேதான் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 5 பாட்டு போதும், ஒவ்வொன்றையும் குறைந்தது 4 தடவை, முழுசாக. பாத்திரம் கழுவும்போது கேளுங்கள், நடக்கும்போது கேளுங்கள், ஆனால் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘ஒரே இரைச்சல்’ என்று சொல்லாதீர்கள். பேஸ் என்கிற கனத்த அடி ஒலி அதில் வரவே வராது, இப்போதைய பாட்டில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஸ்பாட்டிஃபையோ யூடியூபோ, வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள். பழைய கணக்கு நீங்கள் பல வருடமாகக் கேட்டதை வைத்துத்தான் பரிந்துரைக்கும், திரும்பத் திரும்ப 1990களிலேயே கொண்டுபோய் விடும்.

அப்புறம், எல்லாம் சினிமாவில்தான் வரும் என்ற கணக்கையும் விட வேண்டும். பாடகரும் இசையமைப்பாளருமான சாய் அபயங்கர் 2024இல் பெயர் வாங்கியது படமே இல்லாமல், தனிப்பாட்டு போட்டுத்தான்.

வீட்டுப் பிள்ளைகளிடம் ‘நல்ல பாட்டா ஒண்ணு சொல்லு’ என்று மட்டும் கேட்காதீர்கள். பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று மெலடியாகப் பொறுக்கித் தருவார்கள். இந்த மாதம் அவர்கள் போனில் அதிகம் ஓடியதைக் கேளுங்கள். என் அக்கா மகள் முதலில் காட்டவே இல்லை. “மாமா, இதெல்லாம் உங்களுக்கு ரொம்ப சத்தமா இருக்கும்.” இருந்தது. 11 பாட்டில் இரண்டை இப்போது நானே தேடிப் போடுகிறேன், மீதி ஒன்பது அவளுக்கே.