ரிமோட் ஸ்டார்ட்டர்: டீலரிடமா, வெளிக்கடையிலா? அதற்கு முன் இரண்டாவது சாவி எங்கே போகும் என்று கேளுங்கள்

ஜூலை மாதம் காலை ஆறு மணிக்குத் தென்னாப்பிரிக்காவின் மிட்ராண்டில் கார் கண்ணாடியைப் பார்த்தால் உப்பைத் தூவி வைத்த மாதிரி இருக்கும். “ஆப்பிரிக்காவில் ஏது பனி?” என்று ஊரில் இன்னமும் கேட்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் இரவு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். எங்கள் காம்ப்ளெக்ஸில் கராஜ் கிடையாது, வெறும் கூரை நிழல்தான். சின்னவள் சீட்டில் உட்காரும்போதே அழ ஆரம்பிப்பாள். அதனால்தான், வீட்டுக்குள் இருந்தே பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பிவிடும் ரிமோட் ஸ்டார்ட்டர்மேல் ஆசை வந்தது.

மாட்டியாயிற்று, பிறகு கழற்றி மறுபடியும் மாட்டியாயிற்று. அந்த இரண்டாம் செலவு உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

படி 1: சாவியை ஒருமுறை பாருங்கள்

சாவியில் வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தான் இருக்கிறதா? கையேட்டில் ரிமோட் ஸ்டார்ட் என்று ஒரு பக்கம் இருக்கிறதா? அண்மையில் வந்த பல கார்களில் சாவியிலோ செயலியிலோ இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. இருந்தால் மேலே படிக்க வேண்டாம், போய்த் தூங்குங்கள்.

படி 2: கியர் என்ன?

ஆட்டோமேட்டிக் என்றால் தொடருங்கள். மேனுவல் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். மேனுவலுக்கும் மாட்டித் தருகிறார்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, எஞ்சின் ஓடும்போதே இறங்கிக் கதவைப் பூட்டினால்தான் அடுத்த முறை ரிமோட் வேலை செய்யும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த் மேட்டுத் தெருக்களில் வண்டியை நிறுத்துகிறவர்கள் கியரில் போட்டுவிட்டு இறங்குவதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கமும் இந்தப் பொத்தானும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

படி 3: டீலரிடம் கேட்க வேண்டியவை

டீலர் முதலில் எடுக்கும் ஆயுதம் வாரண்டி. “வெளியே மாட்டினால் வாரண்டி போய்விடும்” என்று என்னிடமும் சொன்னார்கள். முழு உண்மை அல்ல. இந்த நாட்டுப் போட்டி ஆணையத்தின் வாகனச் சேவைச் சந்தை நெறிமுறைகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. வெளிக்கடையில் வேலை பார்த்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் தூக்கி எறிவது அவற்றுக்கு ஒத்துப்போகாது. ஆனால் வெளிக்கடைக்காரர் வயரை எரித்துவிட்டால் அந்தச் சேதத்துக்கு டீலர் பொறுப்பில்லை. இது நியாயம்தானே?

கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: “யார் மாட்டுவார்கள்?” பல டீலர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்வதில்லை, இந்த மாதிரிக் கருவிகளை மாட்டித் தரும் ஃபிட்மென்ட் சென்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படியானால் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ஒரு பில்லுக்கும் ஒரு பொறுப்புக்கும்தான். அதற்கும் மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வண்டிக்கு இன்னும் நாலு வருஷம் வாரண்டி பாக்கி இருந்தால் நானே டீலரிடம்தான் போவேன்.

புது வண்டி வாங்கும்போது இதையும் கடனில் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். செய்யாதீர்கள். 72 மாதம் வட்டி கட்டி வாங்குகிற பொருளா இது?

படி 4: சாவி விஷயம் (நான் விழுந்த குழி)

உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. சாவித்துளையைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சிப்பைப் படித்த பிறகுதான் எஞ்சினை ஓட விடும். இதுதான் இம்மொபிலைசர். ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும்போது துளையில் சாவி இருக்காது. அப்படியானால் வண்டியை யாராவது நம்ப வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் பைபாஸ்.

இது மூன்று விதமாக நடக்கிறது. முதலாவது, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற மாட்யூல்: உங்கள் சாவியை வைத்து ஒருமுறை கற்றுக்கொள்ளும், அப்புறம் சாவி தேவையில்லை. இரண்டாவது, உங்கள் உதிரிச் சாவியை ஒரு பெட்டிக்குள் வைத்து டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்துவிடுவது. ரிமோட் அழுத்தும்போது மட்டும் அதன் சிப் வளையத்துக்குத் தெரியும். மூன்றாவது, சிப்பை வளையத்தின் மேலேயே டேப் போட்டு ஒட்டிவிடுவது. அதற்குப் பிறகு உங்கள் வண்டியில் இம்மொபிலைசர் இருந்தும் இல்லாததுதான்.

முதல் கடையில் “ரெண்டு சாவியும் வேண்டும்” என்றார்கள். கொடுத்தேன். மாலையில் ஒரு சாவிதான் திரும்பி வந்தது. இன்னொன்று “உள்ளே வேலை செய்கிறது” என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால் கதவு திறக்க ஆகும் என்று, சிப் இல்லாத வெறும் உலோக நகல் ஒன்றைச் சாவி வெட்டும் கடையில் முன்பே செய்து வைத்திருந்தோம். கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. என் மனைவி அவசரத்தில் அதை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போய்விட்டாள். திரும்பி வந்து மேஜைமேல் வைத்தபோதுதான் பார்த்தேன்.

“இதையா எடுத்துட்டுப் போனே?”

“ஏங்க, ஸ்டார்ட் ஆச்சே!”

டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினேன். வளையத்தை ஒட்டி, கறுப்பு டேப் சுற்றிய ஒரு கட்டி. பிரித்தால் எங்கள் உதிரிச் சாவியின் தலை! தண்டை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

திருட்டு பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டி காணாமல் போனால் காப்பீட்டுக்காரர்கள் “இரண்டு சாவியையும் கொண்டு வாருங்கள்” என்று கேட்பது இந்த நாட்டில் வழக்கம். வெட்டிப்போன சாவிக்கு என்ன கதை சொல்வது?

அதனால் டீலரானாலும் சரி, வெளிக்கடையானாலும் சரி, விலை பேசும் முன் கேளுங்கள்: “நான் இரண்டு சாவி தருகிறேன். இரண்டும் முழுசாகத் திரும்பி வருமா?” ஆமாம் என்று எழுதித் தந்தால் மேலே பேசுங்கள். “உள்ளே வைப்போம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டீலரா வெளிக்கடையா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். பெயர்ப்பலகையைவிட பைபாஸ் முறை முக்கியம்.

இரண்டாம் முறை ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் ஒரு பெரியவரிடம் போனேன். மூன்று தலைமுறைக்கு முன் வந்த தமிழ்க் குடும்பம். அவருக்குத் தமிழில் “வணக்கம்”, “தண்ணி” இரண்டும்தான் தெரியும். வயர் வேலையோ கோயில் சிற்பம் மாதிரி. ஏற்கெனவே உள்ள சாக்கெட்டுகளுக்கு நடுவில் செருகும் ஆயத்த வயர்க்கட்டு, வெட்ட வேண்டிய இரண்டே இடங்களில் சால்டர். வயர்மேல் கவ்விக் கடிக்கும் அந்தப் பிளாஸ்டிக் கிளிப்பைக் கையில் எடுக்கிறவரைக் கண்டால் நான் இனி ஓடிவிடுவேன். ஒரு வருஷத்தில் தளர்ந்துவிடும்.

படி 5: ரிமோட்டை எங்கே வாங்குவது

அமெரிக்கத் தளங்களில் ஒரு மைல் தூரம் எட்டும் ரிமோட் என்று ஆசை காட்டுவார்கள். அவற்றில் பல 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வேலை செய்பவை. இங்கே அதில் ஒரு பகுதி கைபேசிச் சேவைக்கு உரியது. ரேடியோ கருவிக்கு இங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசாவின் ஒப்புதல் வேண்டும். உள்ளூரில் விற்கும் 433 மெகாஹெர்ட்ஸ் ரகமே போதும். படுக்கையறையிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு எட்டினால் போதாதா?

படி 6: கடையை விட்டுக் கிளம்பும் முன் சோதனை

ரிமோட்டில் கிளப்பிவிட்டு, சாவி போடாமல் பிரேக்கை அழுத்துங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். கண்ணாடியை உடைத்து ஏறுகிறவன் ஓட்டிக்கொண்டு போகாமல் தடுப்பது இதுதான். அடுத்து பானட்டைத் திறந்து வைத்துக் கிளப்பிப் பாருங்கள், கிளம்பவே கூடாது. எஞ்சின் ஓடும்போது கதவுகள் பூட்டியே இருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். தானாக அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக வைக்கச் சொல்லுங்கள். கடைசியாக, சிப் இல்லாத நகல் சாவி இருந்தால் போட்டுத் திருகுங்கள். கிளம்பினால் பணம் கொடுக்காதீர்கள்.

மாட்டிய விவரத்தைக் காப்பீட்டுக்கு மின்னஞ்சலில் எழுதி, பில்லையும் இணைத்துவிடுங்கள். போனில் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

மூடிய கராஜுக்குள் மட்டும் இதை ஒருபோதும் அழுத்தக் கூடாது. பல வீடுகளில் கராஜ் கதவு நேரே சமையலறைக்குத் திறக்கும். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. கால்சட்டைப் பையில் தெரியாமல் அழுந்தாதபடி இரண்டு முறை அழுத்தினால்தான் கிளம்பும் என்று அமைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நிற்கும் வண்டியையும் ஆளில்லாமல் ஓட விடாதீர்கள், கேட்டுக்கு உள்ளே மட்டும்.

பின்சேர்க்கை 1: டர்பனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருக்குப் பிரச்சினை குளிர் அல்ல, டிசம்பர் புழுக்கம். எஞ்சின் கிளம்புகிறது, ஏசி வரவில்லையாம். திருகும் குமிழ் உள்ள வண்டி என்றால் அணைக்கும்போதே குமிழை ஏசியில் விட்டுவிட்டு இறங்கினால் போதும். பொத்தான் பேனல் சிலவற்றில் ஒவ்வொரு முறையும் ஏசி அணைந்த நிலைக்கே போய்விடும். அதற்கு மாட்யூல் ஏசியையும் இயக்குமா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை.

பின்சேர்க்கை 2: “எஞ்சின் சூடாவதற்கு இது நல்லதா?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். இன்றைய பெட்ரோல் எஞ்சினுக்கு அரை நிமிடம் போதும், அப்புறம் மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும். இது நமக்காக, எஞ்சினுக்காக அல்ல.

பின்சேர்க்கை 3: சர்வீஸுக்கு விடும் முன் வேலே மோடில் (ரிமோட் ஸ்டார்ட்டைத் தற்காலிகமாக முடக்கி வைக்கும் நிலை) போட்டு, ரிமோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போன மாதம் நான் கவுண்டரில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது என் பையன் ரிமோட்டை எடுத்து விளையாடிவிட்டான். மெக்கானிக்கின் கை பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பானட் திறந்திருந்ததால் வண்டி கிளம்பவில்லை. லெனேசியா பெரியவருக்கு அன்றே போன் போட்டு நன்றி சொன்னேன்.