பாலர் பள்ளிப் பல் நலத் திட்டத்தை மதிப்பிடுவது எப்படி

பல் நலத் திட்டம் ஒன்று முடிந்ததும் வெளிவரும் அறிக்கையில் எத்தனை பல் தூரிகைகள் வழங்கப்பட்டன, எத்தனை பெற்றோர் விளக்கக் கூட்டத்துக்கு வந்தனர் என்ற கணக்குதான் பெரும்பாலும் முதலில் வரும். அது நாம் செய்த வேலையின் கணக்கே தவிர, பிள்ளைகளின் வாயில் என்ன மாறியது என்பதன் கணக்கு அன்று. சிங்கப்பூரின் குழாய்நீரில் 1950களிலிருந்தே, சொத்தையைத் தடுக்க உதவும் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. அப்படியிருந்தும், 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 3 முதல் 6 வயதுப் பாலர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குச் சொத்தைப்பல் இருந்தது தெரியவந்தது. எனவே, வாடகை வீடுகளில் வசிக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகத் திட்டம் நடத்தும் தொண்டூழியர்களும் பாலர் பள்ளி நிர்வாகிகளும் தங்கள் திட்டம் உண்மையில் பயன் தந்ததா என்று கேட்டுப் பார்ப்பது அவசியமாகிறது. அந்தக் கேள்விக்கு விடை காணும் வழியைக் கீழே விளக்குகிறேன்.

தொடங்கும் முன்பே தொடங்க வேண்டும்

மதிப்பீட்டுக்கான முதல் பரிசோதனை, திட்டத்தின் முதல் நாளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். ஓராண்டு கழித்து, "இப்போது எத்தனை பேருக்குச் சொத்தை இருக்கிறது?" என்று மட்டும் பார்த்தால், அந்த எண்ணை ஒப்பிட எதுவும் இருக்காது. முன்னும் பின்னும் அளந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. நான்கு வயதில் சொத்தை இல்லாதிருந்த குழந்தைகளில் சிலருக்கு, எந்தத் திட்டமும் இல்லாவிட்டால்கூட, ஐந்து வயதில் சொத்தை வந்திருக்கும். ஒருமுறை சொத்தையான பல் கணக்கிலிருந்து எளிதில் நீங்குவதில்லை. அடைத்தாலும் அது "அடைத்த பல்" என்றே எண்ணப்படும். ஆகவே நல்ல திட்டம் நடந்த பள்ளியிலும் ஓராண்டில் எண்ணிக்கை உயரத்தான் செய்யும். திட்டம் இல்லாத பள்ளியில் அது எவ்வளவு உயர்ந்தது என்று தெரிந்தால்தான், நம் பள்ளியில் குறைவாக உயர்ந்ததா என்று சொல்ல முடியும்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு எதுவுமே செய்யாமல் இருப்பது நியாயமா என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில் தொடங்குவதற்கு ஆள்பலம் எப்படியும் இருக்காது என்பதால், எந்தப் பள்ளி முதலில், எது ஆறு மாதம் கழித்து என்று குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தலாம். காத்திருக்கும் பள்ளிகளே அதுவரை ஒப்பீட்டுக் குழுவாக அமையும். ஆயினும் எந்தக் குழுவிலும் சீழ்க்கட்டியோ வலியோ கண்டறியப்பட்டால் உடனே பல் மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். இதில் சமரசம் கூடாது.

எண்ணிக்கையைத் திட்டமிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே சிற்றுண்டியை உண்டு, ஒரே ஆசிரியரிடம் பழகுபவர்கள். ஆதலால் அவர்கள் ஒருவரையொருவர் ஓரளவு ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவு, 0 முதல் 1 வரையிலான அளவுகோலில், 0.05 என்று வைத்துக்கொண்டால், 20 பேர் கொண்ட வகுப்புகளில் தேவைப்படும் மொத்த எண்ணிக்கை, தனித்தனிப் பிள்ளைகளைக் கொண்டு போட்ட கணக்கைவிட ஏறக்குறைய இரு மடங்காகும். இரண்டே பள்ளிகளை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது ஏன் பலவீனமானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

எதை அளப்பது

வழக்கமான அளவுகோல், சொத்தையான பற்கள், சொத்தையால் பிடுங்கப்பட்ட பற்கள், அடைக்கப்பட்ட பற்கள் ஆகிய மூன்றின் கூட்டெண். பாற்பற்களுக்கான இதனை டிஎம்எஃப்டி என்பார்கள். குழி விழுந்த பற்களை மட்டும் எண்ணினால், ஓராண்டுத் திட்டத்தின் விளைவு பெரும்பாலும் கண்ணில் படாது. ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் தோன்றும் வெள்ளைத் தழும்புதான் சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் ஃபுளோரைடு பூச்சும் பற்பசையும் அதைத் தடுத்து நிறுத்தக்கூடும். ஆகவே தழும்பையும் குழியையும் தனித்தனியே பதிவு செய்யும்படி பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பல்லைப் பஞ்சால் துடைத்து, நல்ல விளக்கொளியில் பார்க்காவிட்டால் தழும்பு தெரியாது என்பதையும் நேரத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வயதை நெருங்கும் பிள்ளைகளுக்குக் கீழ் முன்பற்கள் தாமாகவே விழத் தொடங்கும். அவற்றை "சொத்தையால் பிடுங்கப்பட்டது" என்று எழுதிவிட்டால் கணக்கே பிழையாகிவிடும். இரண்டு பரிசோதகர்கள் இருந்தால், தொடங்கும் முன் இருவரும் ஏறத்தாழ இருபது பிள்ளைகளைத் தனித்தனியே பார்த்துத் தங்கள் முடிவுகளை ஒப்பிட வேண்டும். எந்தப் பிள்ளை எந்தக் குழு என்பதைப் பரிசோதகரிடம் சொல்லாதிருப்பது நல்லது.

சராசரியை மட்டும் அறிக்கையில் தருவது பெரிதும் ஏமாற்றும். முப்பது பிள்ளைகளின் சராசரி இரண்டு சொத்தைப்பற்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் இரண்டிரண்டு என்று படிப்பவர் நினைக்கலாம். ஆனால் இருபது பேருக்கு ஒன்றும் இல்லாமல், பத்துப் பேருக்கு ஆறாறு இருந்தாலும் சராசரி இரண்டுதான். குறைந்த வருமானக் குடும்பங்களில் இந்த இரண்டாவது வடிவத்தையே அதிகம் எதிர்பார்க்க வேண்டும். வட அயர்லாந்தில் 2, 3 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மூன்றாண்டுகள் தொடர்ந்து, பூச்சும் பற்பசையும் கொடுத்துப் பார்த்த ஒரு பரிசோதனையில், சொத்தை வந்தவர்களின் விகிதம் இவற்றைப் பெற்ற பூச்சுக் குழுவில் நூற்றுக்கு 34, பெறாத குழுவில் 39; இது உறுதியான வேறுபாடாகக் கருதப்படவில்லை. ஆனால் சொத்தை வந்தவர்களிடையே பாதிக்கப்பட்ட பற்பரப்புகள் பூச்சுக் குழுவில் தெளிவாகக் குறைவாக இருந்தன. "வந்ததா, இல்லையா" என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பயன் மறைந்துபோயிருக்கும். அங்கு குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதில்லை. ஆகவே அந்த எண்களை அப்படியே இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

வராதவர்கள்

என் கருத்தில் மதிப்பீட்டின் மையமே இதுதான். முதல் பரிசோதனைக்கு 100 பேர் வந்து, ஓராண்டு கழித்து 65 பேர் வந்தால், அந்த 65 பேரின் பற்கள் நன்றாக இருப்பதில் வியப்பில்லை. வீடு மாறியவர்கள், பள்ளியை விட்டவர்கள், தாய்க்கு வேலை நேரம் மாறியவர்கள் ஆகியோரே மீதி 35 பேர். சொத்தை அதிகமாக இருக்க வாய்ப்புள்ளவர்களும் அவர்கள்தாம். நான் உதவிய ஒரு திட்டத்தில் அறிக்கை எழுதும் வேளையில்தான் இது கண்ணில் பட்டது. அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. முதல் நாளன்றே இரண்டு தொடர்பு எண்களையும், பாட்டியோ சித்தியோ யார் பிள்ளையை அழைத்து வருகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விட்டுச் சென்றவர்களின் முதல் பரிசோதனை முடிவு, தொடர்ந்தவர்களின் முடிவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று அறிக்கையில் கட்டாயம் காட்டுங்கள்.

பல் மருத்துவரிடம் அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் சங்கிலிபோல் தொடர வேண்டும்: எத்தனை பேருக்குக் கடிதம் கொடுத்தோம், எத்தனை பேர் முன்பதிவு செய்தனர், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சை முழுமையாக முடிந்தது. சங்கிலி எந்தக் கண்ணியில் அறுகிறது என்பதிலிருந்துதான் அடுத்த ஆண்டுத் திட்டம் பிறக்கும். நாள்கூலி பெறும் தாய்க்கு வார நாளில் பலதுறை மருந்தகத்துக்குப் போவதென்றால் அன்றைய ஊதியம் போய்விடும். இளைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் சாஸ் அட்டை கட்டணத்தைக் குறைத்தாலும், இந்தச் செலவை அது ஈடுகட்டாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவும் கிட்ஸ்டார்ட், காம்லிங்க்+ போன்ற திட்டங்களின் அலுவலர்கள் குடும்பங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள். பெற்றோரின் ஒப்புதலோடு அவர்களை இணைத்துக்கொண்டால் தேடி அலைவது குறையும்.

வீட்டில் கேட்பது

"தினமும் இருமுறை பல் துலக்கிவிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். "நேற்று இரவு பல் துலக்கிவிட்டது யார்? அதற்குப் பிறகு பிள்ளை என்ன குடித்தது?" என்று கேளுங்கள். படுக்கையில் பால்புட்டியில் மைலோ என்னும் இனிப்புப் பானம் கொடுப்பது வெளிவருவது இப்படித்தான். பற்பசையை எடுத்துவரச் சொல்லி, ஃபுளோரைடு அளவைப் பார்த்து, எவ்வளவு பிதுக்குகிறார்கள் என்று செய்துகாட்டச் சொல்லலாம்: மூன்று வயதுக்குக் கீழ் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. "விழுந்து முளைக்கிற பல்தானே" என்ற எண்ணம் திட்டத்துக்கு முன் எத்தனை பேரிடம் இருந்தது, பின் எத்தனை பேரிடம் மாறியது என்பதும் அளக்கத் தக்கதே.

வலி, தூக்கம், சாப்பாடு பற்றி அறிய, 13 கேள்விகள் கொண்ட எகோஹிஸ் என்னும் வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் நான்கு கேள்விகள் குடும்பத்தின்மீது ஏற்படும் பாதிப்பைப் பற்றியவை. அதைத் தமிழில் தருவதானால், மொழிபெயர்த்ததை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அதன்பின் ஐந்தாறு தாய்மார்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஒவ்வொரு கேள்வியும் எப்படிப் புரிகிறது என்று கேட்டறிய வேண்டும். "எரிச்சல்" என்ற சொல்லைக் குழந்தையின் கோபமாக எடுத்துக்கொள்வாரும் உண்டு, வாயில் ஏற்படும் எரிச்சலாக எடுத்துக்கொள்வாரும் உண்டு. எழுத்துத் தமிழ் தடுமாறச் செய்தால், பேச்சுத் தமிழில் நேரில் கேட்பதே மேல்.

செலவுக் கணக்கில் தொண்டூழியர்களின் நேரத்தையும் சேர்க்க மறவாதீர்கள். அது இலவசம் என்று எழுதினால், திட்டத்தை வேறொரு பேட்டையில் நடத்த முயல்பவர் ஏமாறுவார். தகவல்களைப் பெயரின்றி, குறியீட்டு எண்ணோடு வைப்பதும் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்பற்றுவதும் சொல்லாமலே விளங்கும்.

முடிவுகள் கிடைத்ததும் முதலில் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். நன்கொடையாளருக்கான நீண்ட அறிக்கை அதன்பின் போகட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் போதும்: உங்கள் பிள்ளையின் பற்களில் நாங்கள் கண்டது, உடனே பார்க்க வேண்டியது, அடுத்த சந்திப்பின் நாள், அழைக்க வேண்டிய எண்.