பெஞ்சில் வைத்துச் சுட்டும் குறி சிதறுகிறதா? பிடியில் நடக்கும் தவறுகள்

கல்லூரியில் என்.சி.சி.யில் பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிள் சுட்டுப் பழகியவர்கள் முதல்முறை பெஞ்சில், அதாவது ரைஃபிளை மணல் பைகளின் மேல் வைத்துச் சுடும் மேசையில், உட்காரும்போது பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். பட் எனப்படும் ரைஃபிளின் பின்முனையைத் தோளோடு இறுக்கி, கன்னத்தை ஸ்டாக்கில் (ரைஃபிளின் கட்டையில்) அழுத்தி, இடது கையால் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை வளைத்துப் பிடித்து, மூச்சை அடக்கி ஒரு இழுப்பு. படுத்துச் சுடுவதற்கு அது சரியான பாடம்தான், அங்கே ரைஃபிளைத் தாங்குவதே உங்கள் உடம்பு. பெஞ்சில் தாங்குவது மணல் பை. அங்கேயும் உடம்பு தாங்க ஆரம்பித்தால் ஒரே ரைஃபிளுக்கு இரண்டு முதலாளி, ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இப்படி மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்டைப் போட்டியாகவே ஆடுகிறவர்கள் குறைவு. ஒலிம்பிக்கில் இது கிடையாது. உலக அளவில் இதற்கென்று தனிக் கூட்டமைப்பு இருக்கிறது. 50 மீட்டரில் ஒரு அட்டை, அதில் 25 புல் (குறி வட்டம்), ஒவ்வொன்றுக்கும் ஒரே குண்டு, மொத்தம் 250 புள்ளி. நம் ஆட்கள் பெஞ்சில் உட்காருவது பெரும்பாலும் ஸ்கோப்பை ஜீரோ செய்ய, அதாவது ஸ்கோப் காட்டும் புள்ளியிலேயே குண்டு விழும்படி சரிசெய்ய, இல்லாவிட்டால் எந்தத் தோட்டா இந்த ரைஃபிளுக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்க. அதற்கும் பிடிதான் அடிப்படை. பிடி ஷாட்டுக்கு ஷாட் மாறினால் நல்ல தோட்டாவைக் கெட்டது என்று ஒதுக்கிவிட்டு, விலை கூடுதலான இன்னொன்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கொஞ்சம் கணக்கு பார்த்துவிடலாம், அப்புறம் மற்றது எளிதாகப் புரியும். .22 லாங் ரைஃபிள் குண்டு 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம். போட்டித் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குக் கீழே, நொடிக்கு 320, 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மெதுவான குண்டு, அதனால் குழலுக்குள் இருக்கும் நேரமும் அதிகம், இரண்டு மூன்று மில்லி செகண்ட் ஆகும். அந்த நேரத்துக்குள்ளேயே ரைஃபிள் பின்னால் நகரத் தொடங்கிவிடும். ஐந்து கிலோ ரைஃபிள் என்றால் குண்டு குழல் வாயைத் தாண்டும்போது அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும். இதெல்லாம் ஒரு நகர்வா என்று கேட்கலாம். முன் பைக்கும் பின் பைக்கும் இடையே 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 0.1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால் 50 மீட்டரில் 7 மி.மீ. தள்ளிப்போகும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் 50 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டமே 10.4 மி.மீ.தான். ரைஃபிள் நகரத்தான் செய்யும், யாராலும் தடுக்க முடியாது. ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரே மாதிரி நகர விடுவதுதான் பெஞ்சில் நம் வேலை.

அதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ட்ரிகரைத் தவிர எதையும் தொடாமல் ரைஃபிளைப் பையின் மேல் சும்மா பின்னால் வழுக்க விடுவது, இதை ஃப்ரீ ரீகாயில் என்பார்கள். இரண்டாவது, தோளும் கன்னமும் பட்டும் படாமல் தொடுவது. மூன்றாவது, தோளுக்குள் அளவாக இழுத்து வைத்துச் சுடுவது. மூன்றிலும் நல்ல குரூப் வரும், அதாவது குண்டுகள் நெருக்கமாக விழும். வீடியோவைப் பார்த்துவிட்டு, கிளப் ரைஃபிளை எடுத்து ஃப்ரீ ரீகாயில் செய்யப் பார்ப்பதுதான் தவறு. அந்த வீடியோவில் இருக்கும் ரைஃபிளின் முன்கட்டை அகலமாக, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், ட்ரிகர் ஐம்பது அறுபது கிராமில் விழும். உங்கள் கையில் இருப்பதற்கு உருண்டை முன்கட்டை, ட்ரிகர் ஒரு கிலோவுக்கு மேல். தொடாமல் ஒரு கிலோ இழுத்தால் ரைஃபிளே உருண்டு சாயும், குண்டு பக்கத்துப் புல்லுக்குப் போகும். அந்த மாதிரி ரைஃபிளுக்கு இரண்டாவதோ மூன்றாவதோதான் சரி. என்னைக் கேட்டால் கிளப் ரைஃபிளுக்கு மூன்றாவதிலிருந்து தொடங்கி, கை பழகப் பழக இரண்டாவதை நோக்கித் தளர்த்திக்கொண்டு போகலாம்.

அதிகமாகக் கெடுப்பது கன்னம். தோள் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஆளுக்கே தெரியும், கன்னம் அழுத்துவது தெரியவே தெரியாது. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று: தோட்டா உட்காரும் சேம்பர் காலி, போல்ட் திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, கன்னம் வைக்காமலே கிராஸ்ஹேரை (ஸ்கோப்பில் தெரியும் குறுக்குக் கோட்டை) புள்ளியில் நிறுத்துங்கள். இப்போது கன்னத்தை வைத்துப் பாருங்கள். கிராஸ்ஹேர் ஓடினால் நீங்கள் ஸ்டாக்கைத் தள்ளுகிறீர்கள். ஸ்டாக் தாழ்வாக இருந்து ஸ்கோப் உயரமாக இருந்தால் ஆள் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், அப்போது தலை ஒரு ஷாட்டுக்கு ஒரு இடத்தில் இருக்கும். ஸ்கோப்பின் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் கிராஸ்ஹேரும் நகர்வதுபோல் தெரிவது) 50 மீட்டருக்குச் சரிசெய்யப்படவில்லை என்றால் இந்தத் தலை அசைவு மட்டுமே குறியை மாற்றிவிடும், ரைஃபிள் அசையவே வேண்டாம். ரைஃபிளை நகர்த்தாமல் கண்ணை மட்டும் மேலும் கீழும் கொண்டுபோய்ப் பாருங்கள், கிராஸ்ஹேர் அட்டையில் மிதக்கிறதா என்று.

இடது கை முன்கட்டையில் இருக்கக் கூடாது, பின் பைக்குப் போக வேண்டும். பையைப் பிசைந்தால் பட் உயரும், குழல் வாய் தாழும், விட்டால் நேர்மாறு. உயரத்தைச் சரிசெய்யும் இந்த வேலை ட்ரிகரைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிசைந்த பிடியோடு சுட்டு, அது வெடிக்கும் நேரத்தில் விரல்களை லேசாகத் தளர்த்துகிறவர்கள் நிறைய, குண்டுகள் மேலும் கீழுமாக ஒரு கோட்டில் விழுவதற்கு இது முக்கியமான காரணம்.

பக்கவாட்டில் குறி விலகியிருந்தால் முன் ரெஸ்ட்டை (முன்பக்கத் தாங்கியை) நகர்த்துங்கள். சோம்பல்பட்டுத் தோளால் நெம்பி நேராக்கினால் அந்த நெம்பல் ஷாட்டின்போது விடுபட்டு, ரைஃபிள் தன் பழைய இடத்துக்கே திரும்பும். முன்கட்டை பையின் மேல் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதற்கும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு துண்டு டேப் போதும். குழலைப் பையில் வைக்கவே கூடாது, முன்கட்டையைத்தான் வைக்க வேண்டும். வார் மாட்டும் கொண்டியும் பையில் பட்டுத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பை விஷயத்துக்கு வருவோம், நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான். மணல் என்றால் காவிரியிலோ கொள்ளிடத்திலோ வந்த வீட்டு வேலை மணலில் ஒரு சட்டி அள்ளிப் பையில் கொட்டித் தைத்துவிடுகிறார்கள். அது பருமணல், இடையில் கூழாங்கல், கிளிஞ்சல் எல்லாம் இருக்கும். சல்லடையில் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, முடிந்தால் வாணலியில் ஒரு வறுவல் வறுத்துவிட்டு நிரப்புங்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பை தண்ணீர் குடித்துக் கட்டியாகிவிடும், காலையில் ஒரு இறுக்கம், வெயில் ஏறியதும் வேறு இறுக்கம். மூடி போட்ட டின்னில் வைப்பதுதான் நல்லது. முன் பை கல் மாதிரி நிரம்பியிருந்தால் ரைஃபிள் துள்ளும், பாதி நிரப்பினால் ஷாட்டுக்கு ஷாட் பள்ளம் மாறும். மேல்துணி வழவழப்பாக இருக்க வேண்டும், பழைய ஜீன்ஸ் துணியில் தைத்தால் கட்டை ஒட்டிக்கொண்டு விட்டு விட்டு நகரும். கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினால் தீர்ந்துவிடும். இரண்டு காதுள்ள பின் பையை ஊர் டெய்லரிடம் கொடுத்தால் இது என்ன என்று ஒருமுறை பார்ப்பார், அப்புறம் அழகாகத் தைத்துக் கொடுப்பார்.

பெஞ்சையும் பாருங்கள். வண்டல் மண் தரையில், மழைக்கு மறுநாள், மேசைக் கால் ஒவ்வொரு முறை நீங்கள் சாயும்போதும் மண்ணுக்குள் இறங்கும். காலுக்கு ஒரு செங்கல் வையுங்கள். வயிற்றையும் நெஞ்சையும் மேசை விளிம்பில் சாய்த்துக்கொண்டால் நாடித் துடிப்பு கிராஸ்ஹேரில் தெரியும், அதுவும் டீ குடித்துவிட்டு வந்து உடனே உட்கார்ந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ட்ரிகரில் விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதைப் பகுதிதான் பட வேண்டும், நேர் பின்னால் போக வேண்டும். கட்டைவிரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு இழுப்பிலும் கை முழுவதும் சேர்ந்து சுருங்கும், அதனால் அதைப் பக்கத்திலேயே படுக்க விடுவது மேல். மேலே சொன்ன மில்லி செகண்ட் கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது. வெடித்தவுடன் தலையைத் தூக்கி அட்டையைப் பார்க்கும் பழக்கம் இருக்கிறவர்கள், பெரும்பாலும் வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே தூக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ட்ரிகரைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு, கிராஸ்ஹேர் எங்கே போய் எங்கே திரும்பி வந்து நிற்கிறது என்று ஸ்கோப் வழியே பாருங்கள். நேர் பின்னால் போய்ப் புள்ளிக்கு அருகிலேயே திரும்பினால் பிடி சரி. ஒவ்வொரு முறையும் வலது பக்கம் எகிறினால் தோளோ கன்னமோ ஒரு பக்கம் தள்ளுகிறது. அப்புறம், போல்ட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கஷ்டப்பட்டுப் பையில் உட்கார வைத்த ரைஃபிள் ஒரே இழுப்பில் கலைந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று மட்டும். இந்தச் சின்னக் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். டெல்டாவில் அதைத் தடுக்க மேடோ குன்றோ கிடையாது, வயலுக்கு அப்பால் வயல், அதில் ஆள். ஆயுதச் சட்டம் 1959-ன்படி .22 ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும் என்பது ஒருபக்கம், உரிமம் இருந்தாலும் பின்னால் மண் கரை எழுப்பிய ரேஞ்சைத் தவிர வேறு எங்கும் சுடக் கூடாது. தோப்பில், ஆற்றுப் படுகையில் சும்மா ஜீரோ செய்து பார்க்கிறேன் என்பவர்களோடு சேரவே வேண்டாம்.

எல்லாக் குற்றத்தையும் பிடியின் தலையில் போடுவதும் தவறுதான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊர் இது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால் 50 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 3 செ.மீ. நகரும், அதாவது பத்து வட்டத்தைத் தாண்டி எங்கோ போய்விடும். பிடியைச் சோதிக்க விடியற்காலை காற்று படுத்திருக்கும் நேரம்தான் நல்லது, வெயில் ஏறிவிட்டால் கானல் வேறு புல்லை நெளிய வைக்கும். படுக்கை வாட்டில் சிதறினால் காற்று, கன்னம், கட்டைவிரல் என்று பாருங்கள். செங்குத்தாகச் சிதறினால் பின் பை, தோள் அழுத்தம், இல்லாவிட்டால் தோட்டாவின் வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறுவது. மூன்று குண்டு குரூப்பை நம்ப வேண்டாம், பத்துப் போடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தோட்டாவின் பிராண்டை மாற்றினால் முதல் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் பூசும் மெழுகு வேறு, பழைய மெழுகு போய்ப் புதியது குழலுக்குள் படியும்வரை நீங்கள் என்ன பிடி பிடித்தாலும் குரூப் அலைந்துகொண்டுதான் இருக்கும்.