நூல் பையும் ஊசி டப்பாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊத்துக்குளிக்கும் காங்கயத்துக்கும் நடுவில் உள்ள சிற்றூர்களில் தையலும், கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவும் கற்றுக்கொடுக்கத் தொடங்கி எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வகுப்புக்கென்று சொந்த இடம் கிடையாது. திங்கட்கிழமை ஓர் ஊர், வியாழக்கிழமை ஓர் ஊர் என்று பேருந்தில் போய்வருவதால் என் தொழிலுக்கு வேண்டிய அத்தனையும் தோளில் தொங்கும் பையில்தான் இருக்க வேண்டும். சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தம் பையைப் பாயில் கவிழ்த்தார். பாபின் நூலும் குரோஷா நூலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. கத்தரிக்கோலின் திருகில் உல்லன் சிக்கியிருந்தது. லேபிள் இல்லாத ஐந்து நூல்கண்டுகள் தனியே உருண்டு வந்தன. தொழிலுக்கு வந்த புதிதில் என் பையும் இப்படித்தான் இருந்தது. குண்டூசியைத் திறந்தபடி போடக்கூடாது, குழந்தைகளுக்கு எட்டும்படி வைக்கக்கூடாது என்பனவெல்லாம் எல்லோரும் அறிந்தவை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, பழகியவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைப்பது

கடையில் பார்க்கும்போது, திறந்தால் படிப்படியாக விரிகிற பிளாஸ்டிக் பெட்டி எல்லோரையும் இழுக்கும். வீட்டு மேசைமேல் அது நல்ல பெட்டிதான். ஆனால் காலை எட்டரை மணிப் பேருந்தில் நின்றுகொண்டு வருபவருக்கு அதன் விளிம்பு முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். ஒரு குலுக்கலில் தாழ்ப்பாள் விட்டால் ஹூக்கும் பிரஸ் பட்டனும் இருக்கைகளுக்கு அடியில் ஓடிவிடும். எனக்கு அப்படி ஒருமுறை ஓடியிருக்கிறது.

இப்போது நான் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். நூலும் நடந்துகொண்டிருக்கும் வேலையும் கெட்டியான துணிப்பையில் இருக்கும். மஞ்சப்பைக்குள் இரண்டு தடுப்புகள் தைத்துக்கொண்டால் அதுவே போதும். பாபின், பட்டன், ஹூக், குண்டூசி ஆகியவை பழைய மூன்றடுக்கு டிபன் கேரியரில் அடுக்குக்கு ஒரு வகையாக இருக்கும். அடியில் பழைய பனியன் துணியை வட்டமாக வெட்டிப் போட்டுவிட்டால் சத்தமும் வராது, பட்டன்களும் உரசாது. மூன்றாவது, ஒரு சிறிய தூக்குப்போசி, அதாவது கைப்பிடியும் மூடியும் உள்ள பாத்திரம். குரோஷா போடும்போது நூல்கண்டைப் போசிக்குள் வைத்துவிட்டால், இழுக்க இழுக்கக் கண்டு அதற்குள்ளேயே சுழலும். தரையில் உருண்டு மண்ணையும் முடியையும் சேர்த்துக்கொண்டு வராது. வேலை செய்யும்போது மூடியைக் கழற்றிவிட வேண்டும். மூடியின் விளிம்பு நூலைத் தேய்த்துப் பிசிறாக்கிவிடும்.

நூலின் லேபிளைக் கிழித்து எறிவது

நான் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. பையில் இடம் குறைவு என்பதற்காகவோ, காகிதம் கசங்கி அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகவோ, வாங்கிவந்த அன்றே லேபிளை உருவிப்போட்டுவிட்டு நூலை மட்டும் ஜிப் பைக்கு மாற்றிவிடுகிறார்கள். நூலோடு பையில் போக வேண்டிய பொருள்களில் முதலாவது அந்த லேபிள்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஷேடு எண் என்பது நிறத்தின் பெயர். லாட் எண் என்பது அந்த நூல் எந்தத் தடவை சாயத்தில் இறங்கியது என்பதன் அடையாளம். ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே ஆள் என்றாலும் இரண்டு தடவைச் சாயம் அச்சுப்போல் ஒன்றாக வருவது அரிது. பருத்தி மாறும், தண்ணீரின் கடினத்தன்மை மாறும், உப்பும் சோடாவும் இறங்கும் நேரம் சற்று முன்பின்னாகும். பருத்திக்குப் போடும் சாயங்களில் பல ஏறத்தாழ 60 டிகிரி சூட்டில் ஏறுபவை. அந்தச் சூடு சிறிது கூடினாலும் குறைந்தாலும் நிறம் ஒரு மயிரிழை விலகும். தனியாக ஒரு கண்டைப் பார்க்கும்போது அந்த விலகல் தெரியாது. இரண்டு லாட்டையும் அருகருகே வைத்துப் பின்னியபின் அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

திருப்பூரைச் சுற்றியிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய நிலை வந்ததுதான் எனக்கு வருத்தம். என் வகுப்புக்கு வருகிற பெண்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஒரு பனியனின் முன்பக்கமும் பின்பக்கமும் கையும் ஒரே லாட்டுத் துணியிலிருந்து வர வேண்டும் என்பதற்காகக் கட்டிங் மேசையிலிருந்தே கட்டுக்கட்டாகச் சீட்டு வைத்துக் கட்டுவதை நாள்தோறும் பார்த்தவர்கள். லாட் கலந்தால் என்ன ஆகும் என்பதை மேற்பார்வையாளர் குரலில் கேட்டவர்கள். அவர்களே சொந்த நூல் என்று வரும்போது, "ஏனுங்க அக்கா, ரெண்டும் சந்தனந்தானுங்களே, எந்தக் கண்டா இருந்தா என்னங்க?" என்று கேட்கிறார்கள்.

என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். கற்றுக்கொடுக்கத் தொடங்கிய இரண்டாவது ஆண்டில், ஒரு திருமண வீட்டுக்காகக் கட்டில் விரிப்பு ஒன்று கேட்டார்கள். ஏழு அங்குலச் சதுரங்களாகத் தனித்தனியே போட்டு, பத்துக்குப் பன்னிரண்டு என்று 120 சதுரங்களை இணைக்க வேண்டும். ஒரு சதுரத்துக்கு 20 கிராம் நூல் ஆகும் என்பதைப் போட்டுப்பார்த்துக் கணக்கிடாமல், 50 கிராம் கண்டு 35 போதும் என்று கண்ணளவில் வாங்கிவிட்டேன். பேருந்திலும் வேலை நடக்க வேண்டும் என்பதால் எல்லாக் கண்டுகளையும் லேபிள் உருவி ஒரே பைக்குள் அமுக்கினேன். 86 சதுரம் முடிந்தபோது நூல் தீர்ந்துவிட்டது.

மிஞ்சிய முழ நூலை எடுத்துக்கொண்டு கோவைப் பெரிய கடை வீதிக்குப் போனேன். கடைக்காரர் லாட் எண் கேட்டார், என்னிடம் இல்லை. அவர் மூன்று சந்தன நிறங்களை எடுத்துப்போட, டியூப் லைட் வெளிச்சத்தில் என் துண்டு நூலை ஒவ்வொன்றின்மேலும் வைத்துப் பார்த்து, அப்படியே ஒட்டிப்போன ஒன்றில் 14 கண்டு வாங்கி வந்தேன். மீதி 34 சதுரங்களையும் இரவில் அதே டியூப் லைட்டின் கீழ் போட்டு முடித்து, அந்த இரவுகளிலேயே இணைத்தும்விட்டேன். கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய காலையில் வாசலில் விரித்தபோது, கீழே மூன்றரை வரிசை மட்டும் இளஞ்சிவப்பு ஓடிக் கிடந்தது. பழைய சுவரில் புதிதாகப் பூசிய ஒட்டுபோல, தெருவிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறங்கள் வேறு விளக்கில் வேறுவேறாகத் தெரிவது உண்டு. இரண்டு சாயக் கலவைகளும் ஒளியை வாங்கித் திருப்பித்தரும் விதம் வேறு என்பதால் அப்படி ஆகிறது. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் நிறம் பார்க்க லைட் பாக்ஸ் வைத்திருப்பதும், பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான். நம்மிடம் லைட் பாக்ஸ் இல்லை. ஆனால் கடை வாசல் இருக்கிறது. நூலை வாசலுக்கு எடுத்துவந்து வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை.

இணைப்பைப் பிரித்து, புதிய சதுரங்களை விரிப்பு முழுவதும் பூப்போட்டதுபோல் பரப்பி மீண்டும் இணைக்க ஒன்பது இரவுகள் ஆயின. திருமண நாள் தாண்டிவிட்டது. மணப்பெண்ணின் தாயார் விரித்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மணி, நான் ஒரே நிறத்துலதானே கேட்டேன்?" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேசிய கூலியில் பாதியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகவே லேபிளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் கண்டை எடுக்கும்போதே லேபிளில் ஒரு துளையிட்டு, அந்த நூலிலேயே ஒரு சாண் வெட்டி அதில் கட்டி, பையின் உட்புறம் தைத்த சிறு பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். அதன் பின்பக்கத்தில் வாங்கிய நாள், கண்டுகளின் எண்ணிக்கை, குரோஷா ஊசியின் அளவு ஆகிய மூன்றையும் பேனாவால் எழுதுங்கள். லேபிளை உள்ளே வைத்து அதன்மேல் நூலைச் சுற்றுகிறவர்கள் உண்டு. அந்த முறையில் நூல் தீர்ந்த பிறகுதான் எண் வெளியே வரும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே லாட்டில் தேவைக்குமேல் ஒரு கண்டு கூடுதலாக வாங்குங்கள். இரண்டு லாட்டைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால், தொடக்கத்திலிருந்தே இரண்டையும் வரிசை மாற்றி வரிசையாகக் கலந்து போடுங்கள். நடுவில் ஒரு கோடாக நிற்காது.

பாதி வேலையிலிருந்து குரோஷா ஊசியை உருவி வேறு வேலைக்கு எடுப்பது

கூடாது, இன்னோர் ஊசி வாங்குங்கள்.

பருத்தியையும் இரும்பையும் காற்றுப்புகாமல் மூடுவது

பருத்தி தன்னுள் ஈரம் வைத்திருக்கும் பொருள். நூல் வியாபாரத்திலேயே பருத்தி நூலுக்கு 8.5 விழுக்காடு ஈரம் என்று கணக்கிட்டுத்தான் எடை பேசுவார்கள். பாலியஸ்டருக்கு அந்தக் கணக்கு 0.4 விழுக்காடு மட்டுமே. பருத்தி நூலோடு கை ஊசிகளையும் குண்டூசிகளையும் ரப்பர் வளையம் போட்ட டப்பாவில் இறுக மூடி, பேருந்தின் வெயில்படும் ஜன்னலோரம் வைத்துக் கொண்டுவந்தால், நூலிலிருந்து கிளம்பிய ஈரம் இரவில் குளிர்ந்து ஊசியில்தான் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பை நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வெள்ளை நூலில் துருக்கறை பிடித்தால் சோப்பு எதுவும் எடுபடாது.

ஊசியைப் பஞ்சிலும் ஸ்பாஞ்சிலும் குத்தி வைக்காமல், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தேய்த்த பனியன் துணியில் வரிசையாகக் குத்தி, சுருட்டி, நூலிலிருந்து தனியாக வையுங்கள். எடுக்கும்போது வேறொரு துணியில் ஒருமுறை துடைத்துவிட்டுத் தையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

மிஷின் ஊசிகளைக் கலந்து வைப்பது

பயன்படுத்திய ஊசியைப் புதிய ஊசியின் உறையிலேயே திரும்பச் செருகுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். 14 எண் எது, 16 எண் எது என்பதைத் தண்டில் பொறித்திருப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். முனை மழுங்கியதா என்பதை வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பனியன் துணிக்கு உரிய உருண்டை முனை ஊசிக்குப் பதிலாகச் சாதாரணக் கூர்முனை ஊசி மாறிப்போனால், அது துணியின் பின்னல் வளையங்களை விலக்காமல் இழையை வெட்டிவிடும். துவைத்த பிறகு தையலோரம் பொத்தல் பொத்தலாக விழும். கம்பெனி மிஷின் ஊசியின் தண்டு முழு உருண்டையாகவும், வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒருபக்கம் தட்டையாகவும் இருக்கும் என்பதால் அவற்றையும் சேர்த்து வைக்க வேண்டாம். புதியவை உறையில் இருக்கட்டும். பாதி ஓடியவற்றை, எந்தத் துணிக்கு ஓட்டியது என்று எழுதிய துண்டுத் துணியில் குத்தி வையுங்கள்.

கத்தரிக்கோலை உறையில்லாமல் நூல் பையில் போடுவது

பழைய ஜீன்ஸ் துணியில் உறை தைக்கப் பத்து நிமிடம் போதும்.

உல்லனை இறுக்கிச் சுற்றி அடைப்பது

இடம் மிச்சமாகும் என்று உல்லனைக் கிரிக்கெட் பந்துபோல் இறுக்குகிறார்கள். அந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் கம்பளி நூலின் துள்ளல் போய்விடும். பின்னும்போது நீண்டிருந்து, துவைத்தபின் சுருங்கி, அளவு மாறும். கட்டை விரலை நூலுக்கடியில் வைத்துச் சுற்றி, விரலை உருவினால் கிடைக்கிற தளர்ச்சி வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் உல்லன் என்று கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: கம்பளி முடி கருகும் வாடையடித்துப் பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். பூச்சி அரிப்பது கம்பளியைத்தான். ஆகவே அக்ரிலிக் நூலுக்கு அந்துருண்டை போடுவது வீண். பச்சை வேப்பிலையை நூலோடு வைப்பது அதைவிடத் தவறு. அதன் ஈரமும் கறையும் நூலில் இறங்கும். வேப்பிலை வைப்பதானால் நிழலில் சருகாகக் காயவைத்துத் துணியில் முடிந்து வையுங்கள்.

பையைக் கொட்டிப் பார்க்காமலே மாதங்களை ஓட்டுவது

எங்கள் பக்கம் அமாவாசையன்று தறி ஓட்டாத வீடுகள் இன்றும் உண்டு. அந்த நாளை நான் பைக்கு ஒதுக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் வெள்ளை வேட்டியொன்றில் கொட்டி, துருப்பிடித்த ஊசிகளைத் தனியே ஒரு சீசாவில் போட்டுமூடி, பாபின்களில் தொங்கும் நூல் நுனிகளைச் செருகி, பையை உட்புறம் வெளியாகத் திருப்பி ஒரு மணி நேரம் வெயிலில் போடுகிறேன். பிறகு லேபிள் பாக்கெட்டைத் திறந்து, கட்டியிருக்கும் சாண் நூலையும் கண்டையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டே பையை மீண்டும் அடுக்குகிறேன்.