பைத்தான் ஏற்றப் போய் உபுண்டுவை உடைக்காதீர்கள்

சேலம், தருமபுரிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து மாரத்தஹள்ளி பிஜி விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிகள், உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட லேப்டாப்பும் கையுமாக என்னிடம் வருவார்கள். "அண்ணா, டெர்மினலே தொறக்க மாட்டேங்குது." கட்டளை அடிக்கும் ஜன்னலைத்தான் சொல்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "பைத்தான் வெர்ஷன மாத்துனியா?" முழிக்கிற முழியே பதில் சொல்லிவிடும். எழுத்துப்பிழை, பாதியில் அறுந்த டவுன்லோடு போன்றவை தானாகப் பிடிபடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிஸ்டம் பைத்தானில் கை வைப்பது

உபுண்டு 22.04 கூடவே கொண்டுவருவது பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.10 வெர்ஷன். ஆபீஸ் புராஜெக்ட் 3.11 கேட்கிறது. ஏற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் வெறும் 'பைத்தான்3' என்று அடித்தாலும் புதியதுதான் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் (ஒரு பெயர் எந்த வெர்ஷனைக் குறிக்கும் என்று மாற்றும் கட்டளை) கொண்டு அந்தப் பெயரையே 3.11 பக்கம் திருப்பிவிடுகிறார்கள். வினை அங்கே தொடங்குகிறது.

அந்த 3.10-ஐ உபுண்டு தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கிறது. க்னோம் டெர்மினலைத் திறந்துவிடுவதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். மென்பொருள் மூலங்களைச் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரியும் அப்படித்தான். இவை அழைக்கும் மாட்யூல்கள் (துணை நிரல்கள்) சில 3.10-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டவை, 3.11-க்கு அவை கிடைக்காது. ஆப்ட் என்பது உபுண்டுவில் மென்பொருளை ஏற்றி நீக்கும் கருவி; ஆப்ட் அப்டேட்கூட 'ஆப்ட்_பிகேஜி' மாட்யூல் இல்லை என்று புலம்பிக்கொண்டே முடியும்.

அடுத்து ஒருவன் செய்ததை நினைத்தால் இன்றும் கடுப்பாகிறது. பழையதுதான் இடைஞ்சல் என்று முடிவுகட்டி, ஆப்ட் ரிமூவ் பைத்தான்3 அடித்தான். நீக்கப்போகிறவற்றின் பட்டியல் திரை நிறைய வந்தது. ஜன்னல், மெனு எல்லாம் தரும் உபுண்டு-டெஸ்க்டாப்பும் அதில் இருந்தது. படிக்காமல் ஒய் தட்டினான். மறுநாள் காலை கிளையன்ட் டெமோ; திரையில் வெறும் கறுப்பு. அட, பட்டியலைக் காட்டிவிட்டுத்தானே கேட்டது!

பெயரை மட்டும் திருப்பியிருந்தால் பிழைத்தீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், எல்என் -எஸ்எஃப் என்ற இணைப்புக் கட்டளை கொண்டு பைத்தான்3-ஐ மறுபடி 3.10-உடனேயே இணைத்துவிடுங்கள். நீக்கியேவிட்டால் அதே திரையில் உபுண்டு-டெஸ்க்டாப்பைத் திரும்ப ஏற்ற வேண்டும். இணையமும் கிடைக்காவிட்டால், உபுண்டுவைப் பென்டிரைவில் போட்டு முழுசாக ரீஇன்ஸ்டால்தான்.

3.11 பக்கத்தில் தனியாக இருக்கட்டும். பைத்தான்3.11 என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு வென்வ் (அந்த புராஜெக்டுக்கு மட்டுமான பைத்தான் சூழல்) உருவாக்குங்கள்; அதை ஆக்டிவேட் செய்தபின் 'பைத்தான்' என்றால் 3.11தான். பைத்தான்3.11-வென்வ் பேக்கேஜைத் தனியே போட மறக்காதீர்கள். சோர்ஸிலிருந்து கட்டுகிறவர்கள் மேக் இன்ஸ்டாலை விட்டு மேக் ஆல்ட்இன்ஸ்டால் அடியுங்கள். அது பைத்தான்3 என்ற பெயரைத் தொடாது.

சூடோ போட்டு பிப்

வேண்டாம். பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றும் கருவி, சூடோ என்பது அட்மின் அதிகாரம்.

'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' பிழை

சிஸ்டம் பைத்தானில் பிப் அடித்தால் டெபியன் (இன்னொரு லினக்ஸ்) 12, உபுண்டு 24.04 இரண்டிலும் வரும். பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்து அதன் வாயை அடைக்காதீர்கள். வென்வ் உள்ளே பிப் அடித்தால் அந்தப் பிழையே வராது.

பைத்தான் 2 கேட்கும் பழைய டூல்

2020 ஜனவரி 1-இலேயே ஆதரவு முடிந்துவிட்டது. டாக்கருக்குள் (நிரலைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) தள்ளுங்கள்.

ஜாவாவில் மட்டும் எப்படிச் சரியாகிறது?

ஜாவா மொழி நிரலை ஓட்டும்போது கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61.0 என்று பிழை வந்தால் ஜாவா 17 வேண்டும் என்று பொருள். அங்கே அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கொண்டு தாராளமாக மாற்றலாம். உபுண்டு தன் வேலைக்கு ஜாவாவை நம்பியில்லை. ஜாவாவில் பழகிய கையோடு பைத்தானுக்கு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வந்து நிற்கிறார்கள்.