செமிகண்டக்டர் ஆய்வகத்தில் ஒரு கோடை: இளநிலை மாணவர்கள் இடம் பிடிப்பது எப்படி

"எனக்கு செமிகண்டக்டரில் ஆர்வம் அதிகம், கோடை விடுமுறையில் உங்கள் ஆய்வகத்தில் வேலை செய்ய வாய்ப்பு கிடைக்குமா?" என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதைப் படிப்பவருக்கு உங்களை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது, அவ்வளவுதான். காலியம் நைட்ரைடு என்ற செமிகண்டக்டர் பொருளை மெல்லிய படலமாக வளர்ப்பவர், டிரான்சிஸ்டரை அளப்பவர், அனலாக் சர்க்யூட் வரைபவர், சிப்பை பேக்கேஜ் செய்பவர் எல்லோருமே செமிகண்டக்டர் ஆட்கள்தான், ஆனால் ஒருவருடைய அன்றாட வேலைக்கும் இன்னொருவருடைய வேலைக்கும் பெரிய தொடர்பு இருக்காது.

அதனால் முதலில் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இயற்பியல், வேதியியல், மெட்டீரியல்ஸ் படிப்பவர்களுக்குப் படல வளர்ப்பும் ஃபேப்ரிகேஷனும் (சிப் தயாரிப்பு) இயல்பாக வரும். மின்னணுவியல் என்றால் டிவைஸ் (டிரான்சிஸ்டர் போன்ற தனி உறுப்பு) அல்லது சர்க்யூட். கணினி அறிவியல் மாணவர்களுக்கு சிப் வடிவமைப்பு மென்பொருள் பக்கம் நிறைய வேலை இருக்கிறது. மெக்கானிக்கல் படிப்பவர்கள் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள், ஆனால் பல சிப்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது உள்ளே சேரும் வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பது முழுக்க அவர்களுடைய கணக்கு.

அடுத்தது தகுதி. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே இதைப் பாருங்கள், இல்லையென்றால் வாரக்கணக்கில் உழைத்த பிறகு கடைசி வரியில் 'குடிமக்கள் மட்டும்' என்று இருக்கும். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்.எஸ்.எஃப்) நிதியில் நடக்கும் ஆர்.இ.யு என்ற இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டங்கள் இந்த வகையில் மிகப் பிரபலம். பொதுவாக 8 முதல் 10 வாரம், உதவித்தொகை உண்டு, ஆனால் அந்த நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும்தான். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் நடத்தும் 'சர்ஃப்' கோடை ஆய்வுத் திட்டம் 10 வாரம், வெளிக்கல்லூரி மாணவர்களும் போகலாம், ஆனால் வழிகாட்டியை நீங்களே பிடித்து அவரோடு சேர்ந்து ஆய்வுத் திட்டத்தை எழுத வேண்டும். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் ஆய்வு இன்டர்ன்ஷிப் 12 வாரம், இந்தியா உட்படக் குறிப்பிட்ட சில நாட்டு மாணவர்களுக்கானது. ஜெர்மனியின் 'ரைஸ்' இன்டர்ன்ஷிப் திட்டம் வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு. இந்தியாவில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப் இரண்டு மாதம். கோடைக்கான விண்ணப்பம் கோடையில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்: மைட்டாக்ஸுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கிலேயே கதவு மூடிவிடும், அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றுக்கு ஜனவரி, பிப்ரவரி.

சரி, மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கிறது. என்னைக் கேட்டால், விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவது முடித்துக் காட்டிய ஒரு சின்ன வேலைதான். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. 2020-இல் கூகுளும் சிப் தயாரிக்கும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் 130 நானோமீட்டர் சிப் தயாரிப்புத் தொழில்நுட்பத்துக்கான வடிவமைப்புக் கோப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டன. சர்க்யூட் சிமுலேஷனுக்கு என்ஜிஸ்பைஸ், லேஅவுட் வரைய மேஜிக், கேலேஅவுட் என்று மென்பொருள்கள் எல்லாமே இலவசம். ஒரு ரிங் ஆஸிலேட்டரை (தானாகவே அலைவை உருவாக்கும் எளிய சர்க்யூட்) சிமுலேஷன் செய்து அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு லேஅவுட் (சிப்பில் பாகங்களும் கம்பிகளும் எங்கே அமையும் என்ற வரைபடம்) வரைந்து, கம்பிகளால் சேரும் கூடுதல் கெப்பாசிட்டன்ஸையும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அதிர்வெண் குறைந்திருக்கும். எவ்வளவு, ஏன் என்று ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். டிவைஸ் பக்கம் போகிறவர்களுக்கு நானோஹப் தளத்தில் உலாவியிலேயே ஓடும் சிமுலேட்டர்கள் இருக்கின்றன: டிரான்சிஸ்டரில் மின்காப்பாக இருக்கும் ஆக்சைடு படலத்தின் தடிமனை மாற்றினால் த்ரெஷோல்ட் வோல்டேஜ் (அது ஆன் ஆகத் தொடங்கும் வோல்டேஜ்) எப்படி நகர்கிறது என்று ஒரு வரைபடம் போடலாம். (மாஸ்ஃபெட் என்ற வழக்கமான டிரான்சிஸ்டர் ஆன் ஆவதற்கு முன், மின்னோட்டம் பத்து மடங்கு மாற கேட் வோல்டேஜ் எவ்வளவு மாற வேண்டும் என்பதுதான் சப்த்ரெஷோல்ட் ஸ்விங்; அது அறை வெப்பநிலையில் சுமார் 60 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்காது. உங்களுக்கு 45 வந்தால் துள்ளிக் குதிக்காமல் கணக்கைச் சரிபாருங்கள்.)

இப்போது மின்னஞ்சல் எழுதலாம். பேராசிரியருடைய சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரிந்த ஒன்றையும் புரியாத ஒன்றையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள், அடுத்த வரியில் உங்கள் சின்ன வேலையின் இணைப்பு, அதற்கடுத்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்பது. அவ்வளவு போதும். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகத்தான ஆய்வுகள்' என்று அரைப்பக்கம் எழுதினால் அதைத் தாண்டி யாரும் படிக்க மாட்டார்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் ஆசிரியரிடம் குறைந்தது மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், கூடவே அந்த ஒரு பக்கத்தையும் கொடுங்கள், எழுத அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

பணம் கட்டினால் நான்கு வாரத்தில் 'ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் தருகிறோம் என்று வருபவை வகுப்புகள். கற்றுக்கொள்ளப் பயன்பட்டால் சேருங்கள், ஆராய்ச்சி என்று சிவியில் போடாதீர்கள்.

இடம் கிடைத்த பிறகு கேட்க வேண்டியவை சில உண்டு. தினமும் உங்களோடு இருந்து சொல்லித்தரப் போவது யார்? பேராசிரியரைவிட ஒரு பி.எச்டி மாணவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அவர் அந்தக் கோடையில் ஊரில் இருப்பாரா? கிளீன்ரூமில் (சிப் செய்யும் தூசியில்லா அறை) நுழையப் பாதுகாப்புப் பயிற்சி, பிறகு ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பயிற்சி என்று நாட்கள் ஓடிவிடும், அதனால் வேஃபரில் (சிப் செய்யப்படும் மெல்லிய வட்டத் தகடு) தொடங்கி டிரான்சிஸ்டர் வரை நானே செய்வேன் என்ற கனவோடு போகாதீர்கள். பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே செய்து வைத்த சாம்பிளை ப்ரோப் ஸ்டேஷனில் (நுண்ணிய ஊசிகளால் தொட்டு மின்சாரத்தை அளக்கும் கருவி) வைத்து நீங்கள் அளப்பீர்கள். இதில் ஏமாற்றம் வேண்டாம், சுத்தமாக அளந்த தரவு அந்தக் குழுவுக்கு உண்மையிலேயே தேவை.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் கோப்புகளை எல்லாம் யாருக்கும் புரியும்படி பெயரிட்டு ஒப்படையுங்கள். எந்தப் படத்தை வெளியில் காட்டலாம், எது இன்னும் வெளியிடாதது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னாளில் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா என்பதையும் உங்கள் முகம் பேராசிரியருக்கு நினைவிருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.