பழைய ரயில் லேஅவுட்டைப் பிரிக்கப் போகிறீர்களா, சுத்தியலைக் கீழே வையுங்க

எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில், மொட்டை மாடி அறையில் பன்னிரண்டு வருஷம் ஓடிய என்னுடைய எச்.ஓ. (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் லேஅவுட்டைப் போன தை மாசம் பிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறினேன். நாலு ஞாயிறு ஆகிவிட்டது. ஆனால் ஒரு பாயிண்ட் (ரயில் தடம் மாறுகிற தண்டவாளத் துண்டு) கூட உடையவில்லை. இதற்கு முன்னால், காலேஜ் முடித்த புதிதில் செய்த சின்ன லேஅவுட்டை ஒரே மதியத்தில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பிப் பிரித்து, ஆறு பாயிண்டில் நாலை முறித்த ஆள் நான். இந்தச் சாமான் ஈரோட்டிலோ கோயம்புத்தூரிலோ தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தபால் செலவும் சுங்க வரியும் கட்ட வேண்டும். அதனால் கட்டினபோது கடைசியாக வைத்ததை முதலில் எடுங்கள், முதலில் வைத்ததைக் கடைசியில் எடுங்கள். அவ்வளவுதான் சூத்திரம், மீதியெல்லாம் பொறுமை.

பிரிப்பதற்கு முன்னால் அடுத்தது என்ன கட்டப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். அது தெரியாமல் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று முடிவே எடுக்க முடியாது. என்னுடைய பழைய லேஅவுட் எல்லாரும் முதலில் போடுகிற வட்டம்தான், நடுவில் ஒரு மலை, மலைக்குள் ஒரு குகை. புதுசு மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் நீளமாக ஒரு பலகை, ஒரு பக்கம் சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு அகலப் பாதை, மறுபக்கம் ஊட்டி ரயிலுக்கு மீட்டர் கேஜ். எச்.ஓ. அளவு 1:87. மீட்டர் கேஜின் 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பதினொன்றரை வரும், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள். நம் அகலப் பாதை 1676 மி.மீ., கணக்குப்படி 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும், ஆனால் கிடைப்பது 16.5 மி.மீ. எச்.ஓ. தண்டவாளம்தான், கண்ணை மூடிக்கொண்டு அதையே போட வேண்டியதுதான். ஆக என் பழைய 16.5 தண்டவாளம் முழுக்க அகலப் பாதைப் பக்கத்துக்கு வேண்டும், மலை வேண்டாம் என்று தாளிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் ரயிலைக் கடைசியாக ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், ஆசைக்காக இல்லை. கையில் ஒரு சாக்பீஸ் வைத்துக்கொண்டு, இன்ஜின் திணறும் இடம், பெட்டி துள்ளும் இடம், விளக்கு சிமிட்டும் இடம் எல்லாவற்றிலும் பலகை மேலேயே ஒரு கோடு. எனக்குப் பதினோரு கோடு விழுந்தது, அதில் ஏழு சன்னல் ஓரம். அறைக்கு மேலே சிமென்ட் அட்டைக் கூரை, சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. நான் அந்தக் காலத்தில் புத்திசாலித்தனமாக எல்லா இணைப்பையும் இடைவெளியே இல்லாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தேன். மூன்று மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லை என்றால் பாம்பு மாதிரி நெளியும், நெளிந்துதான் இருந்தது. புதுப் பலகையில் ஒரு மீட்டருக்கு ஓர் இடத்தில் சின்னதாக இடைவெளி விட்டிருக்கிறேன். இதெல்லாம் பிரித்துப் போட்டபிறகு தெரியாது.

போனில் படம் எடுங்கள், மேலே மட்டும் இல்லை, பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டும்.

முதலில் இன்ஜினும் பெட்டிகளும் அறையை விட்டே வெளியே போகட்டும். இன்ஜின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, பக்கத்தில் அரம் போட்டால் இரும்புத் தூள் நேராக உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வீடு, மரம், சிக்னல், ஆட்கள். பிளாட்பாரத்தில் நிற்கும் ஆட்களைக் கையால் பிடுங்கினால் கால் பலகையிலும் உடம்பு உங்கள் கையிலுமாக வரும், அடியில் ஒரு பிளேடைப் படுக்க வைத்துத் தள்ளுங்கள். இவர்களைப் போட்டு வைக்க மைசூர்பா டப்பாவை மிஞ்சி ஒன்றும் இல்லை. ஒரு டப்பாவில் ஜாயினர் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடு), ஒன்றில் திருகு, ஒன்றில் ஆணி. தீபாவளிக்கு வருகிற டப்பாக்களை நான் இப்போதெல்லாம் அம்மாவிடம் சொல்லி அட்டாலியிலேயே வைத்துவிடுகிறேன்.

வயரில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுவார்கள். பவரைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுங்கள், நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே எங்கிருந்து எங்கே என்று ஒரு வரி. ஒரு முனையில் மட்டும் எழுதினால் அறுத்தபின் அது எழுதாததற்குச் சமம். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்க அதில் பற்றவைத்த ஃபீடர் வயரை இழுத்துப் பிடுங்காதீர்கள். சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று விநாடி வைத்து எடுங்கள், அதற்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் வரும் குறுக்குக் கட்டை) உருகும். இரண்டு பக்கமும் ஈரத்துணி சுற்றிக்கொண்டால் சூடு அந்தப் பக்கம் போகாது. பழைய ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்குச் சாப்பிட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

இனி ஜல்லி. நீங்களும் என்னைப் போல ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து சொட்டு விட்டு ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டசாலி, அது தண்ணீருக்கு இளகும். ஒரு போசியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு. இங்கேதான் திருப்பூர்க்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்: வண்டிப் பட்டறைகளில் துடைக்க வைத்திருப்பார்களே அந்தப் பனியன் வேஸ்ட், அதில் ஒரு கிலோ வாங்கி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தண்டவாளத்தின் மேல் நீளமாகப் போர்த்திவிடுங்கள். நேராகத் தண்ணீரை ஊற்றினால் பிளைவுட் உப்பிவிடும், துணி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். இருபது நிமிஷம் கழித்துத் துணியை எடுத்துவிட்டு விரல் நகத்தால் ஒரு ஜல்லியைத் தட்டிப் பாருங்கள். பொலபொலவென்று வந்தால் சரி, கல்லாக இருந்தால் இன்னொரு தடவை போர்த்துங்கள். பெயின்டர்கள் பட்டி பார்க்கும் அகலத் தகட்டை ஸ்லீப்பருக்கு அடியில் படுக்கை வசமாகக் கொடுத்து, நெம்பாமல், முன்னே தள்ளிக்கொண்டே போனால் தண்டவாளம் மெதுவாகத் தூக்கிக் கொடுக்கும். இரண்டு இன்ச்சுக்கு ஒருமுறை நிறுத்தி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள், நான் மறந்துபோன ஒரே ஓர் ஆணி ஒரு முழுத் துண்டையும் வளைத்துவிட்டது. தண்ணீர் தாங்குகிற மெரைன் வகைப் பசை போட்டிருந்தால் இந்த வித்தை எதுவும் பலிக்காது, பாயிண்டை மட்டும் அடியோடு பிளைவுட்டுடன் சேர்த்து அறுத்து எடுத்துவிட்டு நேர்த் துண்டுகளை மறந்துவிடுங்கள்.

பாயிண்டை எடுக்கும்போது ஜாயினரை இரண்டு பக்கமும் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் தூக்க வேண்டும். சில வகைகளில் நாக்கை, அதாவது பாயிண்டில் இப்படியும் அப்படியும் நகரும் பகுதியைப் பிடித்து நிறுத்தும் மயிரிழை ஸ்பிரிங் ஒன்று இருக்கும், அது தெறித்தால் தேடிக் கிடைக்காது. கழற்றும்போது மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். எடுத்ததும் அதே சோப்புத் தண்ணீரில் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் காய வையுங்கள்.

பழைய ஜல்லியைச் சலித்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு பிளாஸ்டிக் பையில் காந்தத்தைச் சுற்றி அதில் நாலு முறை துழாவிவிட்டு. நான் சேலம் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் போட்டு வைத்திருந்தேன், காந்தத்தில் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதெல்லாம் இன்ஜினுக்கு எமன். புதுசுக்கு எம்-சாண்ட் சலித்துப் போடுகிறேன், அதையும் காந்தம் காட்டிவிட்டுத்தான். மண் நிறத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு போதும்.

மலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தெர்மாகோலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் திரும்ப உதவாது, மாஸ்க் போட்டுக்கொண்டு, மேலே தண்ணீர் தெளித்துவிட்டு உடைத்துச் சாக்கில் கட்டுங்கள். உள்ளே ஒரு பல்லிக் குடும்பமும் 2014 தேதியிட்ட ஒரு பஸ் டிக்கெட்டும் கிடைத்தன.

பலகையைத் திருப்பிப் போட்டு ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். டொப்பென்று சத்தம் வந்தால் கரையான், அந்தப் பலகையை வீட்டுக்குள் வேறு எதற்கும் சேர்க்க வேண்டாம். என்னுடையதில் சுவர் ஓரம் ஒரு முழம் போயிருந்தது, மீதியை அறுத்து எடுத்ததில் புதுசுக்கு இரண்டு துண்டு தேறியது. பழைய பதினெட்டு இன்ச் ஆரமுள்ள வளைவுத் துண்டுகளையும் அப்படியே திரும்பப் போடுகிற ஆசையை விட்டுவிட்டேன். நிஜத்தில் 21.3 மீட்டர் நீளமுள்ள ஐ.சி.எஃப். (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டி இந்த அளவில் 245 மி.மீ. வருகிறது, அந்த வளைவில் பெட்டியின் நடு வயிறு உள்ளேயும் மூலை வெளியேயும் நீட்டிக்கொண்டு நிற்கும். மீட்டர் கேஜ் பக்கமும் இறுக்கமான வளைவு ஆகாது, ஊட்டி ரயிலில் இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. மாடலில் இறுக்கமான வளைவில் தள்ளினால் பெட்டி எளிதில் தடம் புரளும்.

கடைசியாக, காப்பாற்றினதையெல்லாம் அப்படியே புதுப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள். ஒரு மீட்டர் கட்டையில் ஒரு சோதனைத் தண்டவாளம் வைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து (உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு குடியேறும்), ஒவ்வொரு பாயிண்டையும் நடுவில் இணைத்து இன்ஜினை மெதுவான வேகத்தில் முன்னும் பின்னும் பத்து முறை விடுங்கள். என் பதினாலு பாயிண்டில் பதினொன்று பாஸ். மூன்று திக்கியது, அதில் ஒன்றை நாக்கைச் சுத்தம் பண்ணிச் சரிசெய்தாகிவிட்டது, மற்ற இரண்டும் யார்டில் பெட்டி நிறுத்தி வைக்கிற, இன்ஜின் போகாத பாதைக்கு.